ராணிக் குகையின் ஆறாவது முடிவு

ராணி நான்காவது முறையாகச் செத்தாள்.

இந்த முறை அவளை ஒரு மீன் விழுங்கிவிட்டது.

"கையில இருந்த விளக்கோட சேர்த்து விழுங்கிருச்சு சார். அந்த விளக்கு இன்னும் அணையல. அதனாலதான் சில நாள் அலை பச்சையா மின்னுது" என்றார் கேப்டன். அவர் எந்தக் கப்பலுக்கும் கேப்டன் இல்லை. தலையில் ஒரு தொப்பி, படகுத்துறையில் அடியில் கண்ணாடி பதித்த ஒரு படகு, அவ்வளவுதான்.

"ராணி குகைக்குள்ள போயி அந்தப் பக்கமா வெளிய வந்துட்டான்னு யாராவது கதை சொல்லிக் கேட்டிருக்கீங்களா?" என்று கேட்டார் வக்கீல்.

கேப்டனின் முகம் சுருங்கியது. "வெளிய வந்துட்டாளா? உயிரோடயா?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு சார் ஜனங்க குகையைப் பார்க்க வரணும்? அப்படி ஒரு முடிவை எவன் வெச்சிருந்தாலும் அவன் பொழைக்கத் தெரியாதவன்."

வக்கீல் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். கைக்குட்டை ஏற்கெனவே நனைந்திருந்தது. சட்டம் படித்துவிட்டு கோர்ட் பக்கமே போகாத துப்பறிவாளருக்கு நண்பர்கள் வைத்த பெயர் வக்கீல். அவருடைய உதவியாளருக்குப் பெயர் சோடா. மூக்குக் கண்ணாடி அத்தனை தடிமன். அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்து செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல பார்த்த கைடு மைக் கதையில மூழ்கிப் போனா. டாக்டர் கதையில மோதிரத்துல இருந்த விஷத்தைக் குடிச்சா. குடையக்கா கதையில வௌவாலா மாறினா. இவர் மீனுக்குப் போட்டுட்டாரு" என்றாள் சோடா. "பாவம் பாஸ் அந்தப் பொம்பளை. ஒரே மத்தியானத்துல நாலு சாவு. நடுவுல உட்கார்ந்து ஒரு டீ குடிக்கக்கூட யாரும் விடல."

"கிளி கதையில?"

"அதைச் சேர்த்தா அஞ்சு. கல்லா மாறிட்டா. கூரையில இருந்து சொட்டுற தண்ணி அவ கண்ணீர். போஸ்ட் கார்டுலயே போட்டிருக்கான்."

"நமக்கு வேண்டியது ஆறாவது" என்றார் வக்கீல். "அது யார்கிட்டயும் இல்ல."

பகல் முழுக்க அலைந்ததில் கிடைத்தது அந்த ஒரு வரிதான்.

தீவில் பார்ப்பதற்கு மூன்று இடங்கள். கலங்கரை விளக்கம், பவளப் பாறை, ராணிக் குகை. எதிரிக் கப்பல்கள் வந்தபோது ராணி ஒரு விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு குகைக்குள் நுழைந்தாள் என்பது வரைக்கும் கதை பொது. அதற்கு மேல் என்ன நடந்தது என்பது கைடுக்குக் கைடு வேறு. அப்படித்தான் அவர்களுடைய சங்கம் தொழிலைப் பிரித்துக் கொடுத்திருந்தது. ஒருவருடைய முடிவை இன்னொருவர் சொல்லக் கூடாது. சொன்னால் பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். புதிதாகச் சேர வருகிறவர் சங்க அறையில் எல்லோர் முன்னாலும் நின்று இதுவரை எவரும் சொல்லாத ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். ஒரு கை எழுந்து "இது என்னோடது" என்றாலும் முடிந்தது. இதில் லாபமும் இருந்தது. ஒரு முடிவைக் கேட்ட சுற்றுலாக்காரர்கள் இன்னொன்றைக் கேட்க மறுநாளும் தங்கினார்கள்.

முந்தின நாள் காலையில் இரண்டு பேர் படகில் வந்து இறங்கினார்கள். ஒருவர் கடிகாரக் கடைக்காரர். இன்னொருவர் அவருடைய மைத்துனர். சாயங்காலம் மைத்துனர் மட்டும் போலீஸ் நிலையத்துக்கு ஓடிவந்தார். கிளி என்ற கைடு தங்களை ராணிக் குகைக்கு அழைத்துப் போனான், கதை சொன்னான், பிறகு அவன் தனியாக வெளியே வந்து ஓடினான், மாப்பிள்ளை திரும்பவே இல்லை என்றார். கிளியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். படகுத்துறையில் பேசினேன், கூலி படியவில்லை, போய்விட்டார்கள், குகைப் பக்கமே நான் போகவில்லை என்றான். கூரையிலிருந்து கல் விழுகிறது என்று குகையை அந்தப் பருவத்தில் மூடியிருந்தார்கள். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது. பார்த்தவர்கள் இல்லை. போலீஸ்காரர்கள் டார்ச்சோடு போய், குகையின் கடைசியில் இருக்கும் குளம் வரை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். குளம் ஆழம். முக்குளிப்பவர்கள் அக்கரையிலிருந்து வர வேண்டும்.

இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார். மைத்துனருக்கு அழுகை வந்தது. கிளிக்கு வியர்வை வந்தது. இன்ஸ்பெக்டர் வியர்வையைச் சந்தேகப்பட்டார்.

இன்று சாயங்காலப் படகில் கிளியை அக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். கொண்டுபோனால் கொலை வழக்கு. விடுதியில் துண்டுகள் திருட்டுப் போவதைக் கண்டுபிடிக்க வந்திருந்த வக்கீலை, காலையில் கிளியின் மனைவி மாடிப்படியில் மடக்கிப் பிடித்தாள். "அவரு அந்தப் பக்கமே போகலைங்க. ஊருக்கெல்லாம் கதை விடுவாரு. என்கிட்ட பொய் சொல்ல மாட்டாரு. எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க."

அதற்காகத்தான் இந்த வெயில்.

மைத்துனர் இன்ஸ்பெக்டரிடம் சொன்னதில் வக்கீலுக்கு ஒரே ஒரு இடம் இடறியது. கைடு சொன்ன கதையையும் அவர் சொல்லியிருந்தார். அந்தக் கதையில் ராணி சாகவில்லை. இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே போய், அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டாள். கிளியின் ராணி கல். இதைச் சொன்னவன் கிளியாக இருக்க முடியாது. அப்படியென்றால் மைத்துனர் வேறு யாரோ ஒரு கைடோடு, வேறு எங்கோ இருந்திருக்கிறார். அந்தக் கைடைப் பிடித்தால் மைத்துனர் பிடிபடுவார்.

அழகான யோசனை. கைடுதான் அகப்படவில்லை.

"ஒருவேளை மைத்துனரே கட்டிவிட்டிருப்பாரோ?" என்றார் வக்கீல், விடுதிக்கு ஏறும் பாதையில். வாடகைக்கு எடுத்த சைக்கிள்களில் ஒன்று பஞ்சர். இரண்டையும் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அவரா? 'வந்தோம், இறங்கினோம், நடந்தோம், நாத்தம் அடிச்சுது.' ரேஷன் கடை போர்டு மாதிரி பேசுறாரு பாஸ். அவருக்கு ராணியைக் காப்பாத்துற அளவுக்கெல்லாம் கற்பனை வராது."

"கேட்டுப் பார்ப்போம்."

"கேளுங்க. துண்டு திருடனைக் கேட்ட மாதிரியே இதையும் கேளுங்க. அவனும் இன்னும் கிடைக்கல."

மைத்துனர் அறைக் கதவைத் திறந்து போட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டிலின் விரிப்பு கலையவில்லை. அதன்மேல் ஒரு சின்னப் பை, பைமேல் ஒரு பழைய கைக்கடிகாரம். பெண்கள் கட்டுவது. மின்விசிறி சத்தம் மட்டும் போட்டது, காற்று வரவில்லை.

"உங்களைக் கூட்டிட்டுப் போனது கிளிதானா?" என்றார் வக்கீல்.

"எத்தனை தடவை சார் சொல்றது? பச்சைச் சட்டை. வளைஞ்ச மூக்கு. வாய் மூடாம பேச்சு. அவனேதான்."

"கதையோட முடிவை இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஐயோ." அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஆளைக் காணோம்னு நிக்கிறேன். எல்லாரும் கதை கேக்குறீங்களே."

"அதுலதான் விஷயம் இருக்கு. சொல்லுங்க."

"குகைக்குள்ள இருட்டு. ராணி விளக்கு அணைஞ்சு போச்சு. இடது கையைச் சுவத்துல வெச்சுக்கிட்டு நடந்தா. கையை எடுக்கவே இல்ல. அந்தப் பக்கம் வெளிச்சம். வெளிய வந்துட்டா. போதுமா?"

"கல்லாகல?"

"கல்லும் ஆகல, மண்ணும் ஆகல."

"இதை வேற யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாமே? படகுல வர்றப்போ? விடுதியில?"

மைத்துனர் எழுந்து நின்றார். பருமனான ஆள். குரல் மட்டும் உடைந்தது. "நான் பொய் சொல்றேன்னு சுத்தி வளைச்சுச் சொல்றீங்க, இல்ல? என் தங்கச்சி போயி இன்னும் வருஷம் திரும்பல சார். மாப்ள கடையைத் திறக்கிறதில்ல. ஒருத்தர்கிட்டயும் பேசுறதில்ல. நாலு இடம் பார்த்தா மாறுவாருன்னு வேண்டாம் வேண்டாம்னவரை இழுத்துக்கிட்டு வந்தவன் நான். எங்கம்மா காலையில இருந்து போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க. எடுத்து என்ன சொல்லட்டும்? நீங்க சொல்லிக் குடுங்க."

வக்கீல் சோடாவைப் பார்த்தார்.

"நீங்க ஏன் அவரை விட்டுட்டு வெளிய வந்தீங்க?" என்று சோடா மெதுவாகக் கேட்டாள்.

"வௌவால் நாத்தம்மா. வாந்தி வந்துருச்சு. வாசலுக்கு வெளிய வந்து ஒரு பாறைமேல உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு அந்தக் கைடு மட்டும் வந்தான். பின்னாடி வர்றாருன்னு சொல்லிட்டு ஓடினான். நானும் வருவாரு வருவாருன்னு உட்கார்ந்திருந்தேன்."

வெளியே வந்ததும் வக்கீல் பஞ்சரான சைக்கிளை ஒரு உதை உதைத்தார். அது சாய்ந்து இன்னொரு சைக்கிளையும் சாய்த்தது.

"அந்த ஆள் பொய் சொல்லல" என்றார்.

"தெரியுது. அதுக்கு சைக்கிள் என்ன பண்ணும்?"

"அவர் பொய் சொல்லலைன்னா கிளி பொய் சொல்றான். கிளிதான் சொன்னான்னா அந்த முடிவு எங்கிருந்து வந்துச்சு? சொந்த முடிவை விட்டுட்டு, ஊர்ல யார்கிட்டயும் இல்லாத ஒண்ணை ஏன் சொல்றான்? முட்டிக்கிட்டே இருக்கு."

"முட்டுனாலும் நமக்கு லாபம்தானே?" சோடா சைக்கிளை நிமிர்த்தினாள். "இன்ஸ்பெக்டரோட அப்பாவே அந்தக் காலத்துல கைடாம். குடையக்கா சொன்னாங்க. கிளி அடுத்தவன் முடிவைச் சொல்லவே மாட்டான், மைத்துனர் சொல்றது இடிக்குதுன்னு நீங்க போய் நின்னா, இவருக்கு அது ஏறும். இன்னைக்கு அக்கரைக்கு அனுப்ப மாட்டாரு. கட்சிக்காரங்க கேட்டது அதானே?"

அது உண்மை. வக்கீலுக்குத்தான் இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை.

"போற வழியில அந்தம்மாகிட்ட சொல்லிட்டுப் போவோம்" என்றார்.

கலங்கரை விளக்கத்தின் கீழே டிக்கெட் கவுண்டர். ஒரு ஆள் உட்காரும் அளவுக்குச் சிமெண்டுக் கூண்டு. பக்கத்தில், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையோடு ராணியின் படம் வரைந்த பலகை. ஒரு கணவன் ஓட்டைக்குள் தன் முகத்தை நுழைத்துக்கொண்டு நிற்க, மனைவி படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கிளியின் மனைவி ஸ்கேலை வைத்து டிக்கெட்டுகளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கணவன் லாக்கப்பில் இருந்தாலும் கவுண்டரை மூட அவளுக்கு அதிகாரம் இல்லை. வக்கீலைப் பார்த்ததும் ஸ்கேலைக் கீழே வைத்தாள்.

"ஏதாவது தெரிஞ்சுதாங்க?"

"உங்க வீட்டுக்காரரை இன்னைக்கு அனுப்ப மாட்டாங்கன்னு நெனைக்கிறேன். ஒரு பாயிண்ட் இருக்கு. அந்த மைத்துனர் சொல்ற கதையோட முடிவு உங்க வீட்டுக்காரரோடது இல்ல. தீவுல எந்தக் கைடோடதும் இல்ல. எல்லாரையும் கேட்டுட்டோம்."

அவள் முகம் மலர்ந்தது. கூண்டுக்குள் எழுந்தே நின்றுவிட்டாள். "நான்தான் சொன்னேனே! அவரு போகலைன்னு சொன்னேனே! அப்படி என்ன முடிவுங்க சொல்றான் அந்த ஆளு?"

"ராணி சாகலையாம். விளக்கு அணைஞ்சதும் இடது கையால சுவத்தைத் தடவிக்கிட்டே..."

அவளுடைய இடது கை சிமெண்டுச் சுவரில் போய்ப் பதிந்தது. அவள் வைக்கவில்லை, அதுவாகவே போனது. சோடா அதைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"...அந்தப் பக்கம் வெளிய வந்துட்டாளாம்" என்று முடித்தார் வக்கீல்.

அவள் உட்கார்ந்தாள். படம் எடுத்துக்கொண்டிருந்த தம்பதி வந்து இரண்டு டிக்கெட் கேட்டார்கள். கிழித்துக் கொடுத்தாள். சில்லறையை எண்ணி வைத்தாள். அவர்கள் படியேறிப் போகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தப் பாயிண்டை நீங்க சொன்னா விட்டுடுவாங்களா?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு அனுப்ப மாட்டாங்க. அதுக்குள்ள வேற ஏதாவது கிடைக்கலாம்."

"அப்ப போய்ச் சொல்லுங்க."

வக்கீல் நகரவில்லை. சோடாவும் நகரவில்லை.

"அக்கா, அந்தக் கையைக் கொஞ்சம் எடுங்க" என்றாள் சோடா.

கிளியின் மனைவி தன் கையைப் பார்த்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பேசியபோது அவர்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"அது என்னோட முடிவு."

எங்கோ மேலே, கலங்கரை விளக்கத்தின் உச்சியில், அந்தத் தம்பதி சிரிக்கும் சத்தம் கேட்டது.

"சங்கத்துல சேரலாம்னு இருக்கேன். அடுத்த கூட்டத்துல சொல்லணும்னு வெச்சிருந்தேன். பொம்பளைங்க ரெண்டு பேர் கைடா இருக்கக் கூடாதுன்னு சட்டமா என்ன? யார்கிட்டயும் மூச்சு விடல. யாராவது முந்திக்கிட்டா போச்சே. ஒரே ஒருத்தர்கிட்டதான் சொல்லிப் பார்த்தேன். அடுப்படியில வெச்சு. நடந்து காட்டினேன். இப்படி கையை வெச்சுக்கிட்டு."

வக்கீல் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தார். பகல் முழுக்க அவர் தேடிய கைடு லாக்கப்பில் இருந்தான். அவனை விடுவிக்க அவர் தூக்கிக்கொண்டு வந்த ஆதாரம், அவன் குகையில் இருந்தான் என்பதற்கான ஆதாரம். மைத்துனர் அந்த முடிவைக் கேட்டிருக்க முடிகிற ஒரே வாய் கிளியுடையது.

"என்கிட்ட பொய் சொல்ல மாட்டாருன்னு சொன்னேன், இல்ல?" என்றாள் அவள். "என் கதையையும் எடுத்துட்டுப் போயி வித்துட்டாரு. பொய்யும் சொல்லிட்டாரு."

"இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்" என்றார் வக்கீல். சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று எரிச்சலாக இருந்தது.

அவள் ஸ்கேலை எடுத்தாள். வைத்தாள். "குளத்துக்கு அங்கிட்டு பார்த்தாங்களா?"

"குளத்துக்கு அங்கிட்டு சுவர்தானே?"

"சுவர் இல்லீங்க. இடது பக்கம் ஒரு ஆள் பக்கவாட்டுல நுழையுற அளவுக்குச் சந்து. வெளிய இருந்து டார்ச் அடிச்சா நிழல் மாதிரிதான் தெரியும். கடல் தண்ணி இறங்கியிருக்கிறப்போ போகலாம். சின்ன வயசுல நானும் எங்க அக்காவும் போயிருக்கோம். அந்தப் பக்கம் ஒரு துண்டு மணல். மூணு பக்கமும் செங்குத்தா பாறை. ஏற முடியாது. தண்ணி ஏறிடுச்சுன்னா திரும்பவும் முடியாது. ராணியைச் சாகடிக்க எனக்கு மனசு வரல. அதனால அந்த வழியா அனுப்பினேன்."

சோடா கூண்டை நெருங்கினாள். "அக்கா, அப்படின்னா அந்த ஆளு..."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்." அவள் வக்கீலைப் பார்த்தாள். "நான் இதைச் சொன்னா அவர் பொய் சொன்னது ஊருக்கே தெரிஞ்சிடும். மூடின குகைக்கு ஆளைக் கூட்டிட்டுப் போனாருன்னு பேட்ஜும் போகும். அங்க போயி ஆள் இல்லைன்னா, நானே என் கையால அவரை அக்கரைக்கு அனுப்பின மாதிரி. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"நீங்களாவது மாத்திச் சொல்லக் கூடாதா?" என்று அவள் கத்தினாள். அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான். பிறகு கூண்டின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கவுண்டர் திறந்தே கிடந்தது.

போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் கிளிக்கு விலங்கு மாட்டுவதற்கு முன் டீ வாங்கிக் கொடுத்திருந்தார். கிளி டீயைக் குடிக்காமல் வைத்திருந்தான். மனைவியைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"அடுப்படியில நான் சொன்னதை அந்த ஆளுகிட்ட ஏன் சொன்னீங்க?" என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. கிளிக்குப் புரிந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"திருட்டுத்தனமா சொல்லலை" என்றான். "சத்தியமா. நான் எப்பவும் போல கல்லுன்னுதான் ஆரம்பிச்சேன். அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. 'எல்லாரும் அவளைச் சாகடிச்சே சொல்றீங்க, வேற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்களேன்'னு கேட்டாரு. பெரிய மனுஷன் கண்ணுல தண்ணி. என்கிட்ட வேற இல்ல. உன்னோடது இருந்துச்சு."

"அப்புறம்?"

"கூட வந்தவர் வாந்தி எடுக்கப் போயிட்டாரு. இவர் எந்தப் பக்கம்னு கேட்டாரு. இடது பக்கம்னு கையைக் காட்டினேன். வெளிய நிக்கிறவர் எப்படி இருக்காருன்னு எட்டிப் பார்த்துட்டுத் திரும்பினேன். ஆளைக் காணோம். கூப்பிட்டேன். குளத்துல தண்ணி மட்டும் ஆடுது. விழுந்துட்டாருன்னு..." அவன் நிறுத்தினான். "என் வாயாலதானே போனாருன்னு பயந்துட்டேன்."

"அங்க வழி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நெஜமா இருக்கா?" என்றான் கிளி. "நீ கட்டின கதைன்னு நெனச்சேன்."

அவள் புருஷனை அடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, "படகு வேணும் சார்" என்றாள்.

கேப்டனின் படகுதான் கையருகே இருந்தது. தீவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போக வேண்டும். இன்ஸ்பெக்டரும் கிளியின் மனைவியும் முன்னால் இருந்தார்கள்; விடுதியிலிருந்து கூட்டி வந்த மைத்துனர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அடியில் இருந்த கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கே அவர் ரொம்பக் கஷ்டப்பட்டார். கேப்டன் வழக்கம்போல "கீழே பாருங்க, பவளம்" என்று வாயெடுத்தார். சோடா அவர் தொப்பியை இழுத்து மூக்கு வரை இறக்கிவிட்டாள்.

"கொஞ்சம் வேகமா போங்க" என்றார் வக்கீல்.

"இது கண்ணாடிப் படகு சார். வேடிக்கை பார்க்கிறதுக்கு. வேகத்துக்கு இல்ல."

"இந்தத் தீவுல எதுவுமே எதுக்கும் உதவாதாய்யா?"

கேப்டன் படகை வளைத்தார். பாறை மூக்கைத் தாண்டினார்கள். செங்குத்தான கல்லுக்கு அடியில் ஒரு துண்டு மணல் தெரிந்தது. அலை அதில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது.

மீதிப் பாதியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள!" என்று மைத்துனர் எழுந்ததில் படகு சாய்ந்தது. கேப்டன் கெட்ட வார்த்தை சொன்னார். மைத்துனர் காத்திருக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் குதித்து, விழுந்து, எழுந்து போய் அவரைத் தோளைப் பிடித்து உலுக்கினார். "உனக்கு அறிவிருக்காய்யா? அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதுக்கு என்ன?" திட்டிக்கொண்டே அவர் சட்டையில் இருந்த மணலைத் தட்டிவிட்டார். தட்டத் தட்டப் போகவில்லை.

கடிகாரக் கடைக்காரரின் உதடுகள் வெடித்திருந்தன. ஒரு கணுக்கால் வீங்கியிருந்தது. இடது உள்ளங்கை முழுக்கச் சிராய்ப்பு. ராத்திரி முழுக்கத் தண்ணீரில்லாமல் அங்கேதான் இருந்திருக்கிறார். வக்கீலையும் போலீஸையும் அவர் பெரிதாகக் கவனிக்கவில்லை.

"வழி இருந்துச்சு மச்சான்" என்றார். "அவன் சொன்ன மாதிரியே வெளிச்சம் வந்துச்சு. வெளிய வந்துட்டேன். இங்க யாருமே இல்ல."

மைத்துனரின் கை நின்றது. ஈர மணலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எந்தத் துப்பறிவாளருக்கும் அங்கே வேலை இல்லை.

கிளியின் மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்தார். பாதி நெஞ்சில் வழிந்தது.

"மெதுவா குடிங்க. அந்தக் கதையை உங்களுக்குச் சொன்னவர் என் வீட்டுக்காரர்" என்றாள். "கதை என்னோடது."

அவர் பாட்டிலை இறக்கினார். முதல் முறையாக ஒரு முகத்தை நேராகப் பார்த்தார்.

"வெளிய வந்ததுக்கு அப்புறம் அந்த ராணி எங்க போனாங்க?"

அவள் வாயைத் திறந்தாள். பின்னால் அலை ஏறி, படகின் மூக்கைத் திருப்பியது. சீக்கிரம் வாங்க என்று கேப்டன் கத்தினார்.

"தெரியலைங்க" என்றாள் அவள். "அதுக்கு மேல நான் யோசிக்கல."

அவர் தலையை ஆட்டினார். பிறகு எழுந்திருக்கக் கையை நீட்டினார். ஒரு பக்கம் மைத்துனர் பிடித்துக்கொண்டார், மறுபக்கம் அவள்.